‘கொழுந்து’ என்று வாசிக்க ஏழு மாதம்

மத்திய, ஊவா, சப்ரகமுவ மாகாணங்களில் தமிழ்மொழி மூல ஆரம்பக் கல்விக்குப் பொறுப்பான கல்விப் பணிப்பாளர்களுக்கும் ஆசிரிய ஆலோசகர்களுக்கும்,

வணக்கம்.

நான் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறேன். சாதாரண தரம் வரை படித்தவள், ஆசிரியை இல்லை. கொழுந்து பறிக்க வருவதற்கு முன் நான்கு வருடம் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றேன். அந்த நான்கு வருடமும் என் மகனையும் சின்ன மகளையும் அம்மாயிதான் பார்த்துக்கொண்டார். அவன் இரண்டாம் தரம் முடித்த டிசம்பரில் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டேன். வந்த முதல் கிழமை நடந்ததைச் சொன்னால்தான் மற்றதெல்லாம் உங்களுக்கு விளங்கும்.

தமிழ்ப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, “அம்மா, வாசிச்சுக் காட்டட்டா?” என்று கேட்டான். வாசித்தான். திக்கவில்லை, திணறவில்லை. எழுத்துக்குக் கீழே விரல் வைத்து, பள்ளிக்கூடத்து ராகத்தோடு வாசித்தான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நாலாவது பக்கத்துக்குப் போகும்போது இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகத் திரும்பியது. அவன் நிறுத்தவில்லை. விடுபட்டுப்போன பக்கத்தில் இருந்ததையே சொல்லிக்கொண்டு போனான். விரல் ஓடியது வேறொரு பக்கத்தில். அங்கே படமும் வேறு, வரியும் வேறு.

படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேட்டேன். பேசாமல் இருந்தான். இன்னொன்றைத் தொட்டேன். என் முகத்தைப் பார்த்தான். ‘மரம்’ என்ற சொல் அது. இரண்டு வருடம் பள்ளிக்கூடம் போன பிள்ளை, புத்தகம் முழுவதையும் காதால் பாடமாக்கி வைத்திருந்தான். அவ்வளவு நினைவுச் சக்தி உள்ளவனை மக்கு என்று யாரும் சொல்ல முடியாது.

பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அந்த மிஸ் கெட்டவர் இல்லை. ஒரே அறையில் இரண்டு தரத்துப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தொண்டை கட்டப் பேசிக்கொண்டிருந்தார். “சில பிள்ளைகளுக்கு ஏறாது, டியூஷனுக்கு அனுப்புங்க” என்றார். நான் வீட்டில் சொல்லிக்கொடுக்கலாமா என்று கேட்டதற்கு, “நாங்க ஒரு மாதிரி, நீங்க ஒரு மாதிரி சொல்லிக்கொடுத்தா பிள்ளை குழம்பிரும்” என்றார். அந்த வார்த்தைதான் இந்த மடலை எழுத வைத்தது. அவர் சொன்னது சரி. நீங்கள் எந்த மாதிரி சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்பதை எங்களுக்கு ஒருநாளும் காட்டாததுதான் பிழை.

வெள்ளவத்தை வீட்டில் ஐந்து வயதுச் சின்னமகள் ஒருத்தி இருந்தாள். கிழமையில் இரண்டு நாள் அவளை இங்கிலீஷ் ஃபொனிக்ஸ் வகுப்புக்குக் கூட்டிப்போவது என் வேலை. வகுப்பு முடியும்வரை வாசலில் இருந்த வாங்கில் உட்கார்ந்திருப்பேன். எல்லாம் காதில் விழும். அங்கே ஏ, பி, சி என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எழுத்தின் பெயரை விட்டுவிட்டு அதன் சத்தத்தை மட்டும் சொன்னார்கள். ஸ், அ, ட், இ, ப், ன் என்று முதலில் ஆறு சத்தம். ஆறும் வந்ததும் சேர்க்க விட்டார்கள். ட்–இ–ன், டின். ப்–இ–ன், பின். அப்புறம் கையில் ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார்கள். அதில் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த சத்தங்களால் ஆன சொற்கள்தான் கிட்டத்தட்ட முழுக்க. அதனால் ஊகித்துச் சொல்ல வேண்டிய தேவையே அவளுக்கு வரவில்லை. இரண்டு மாதத்தில் பிஸ்கட் பெட்டியில் உள்ளதை எழுத்துக் கூட்ட ஆரம்பித்துவிட்டாள். என் பிள்ளை ஊரில் என்ன வாசிக்கிறானோ என்று அந்த வாங்கில் இருந்து நான் யோசிக்காத நாள் இல்லை.

பிறகு போனில் தேடிப் படித்தேன். இங்கிலீஷில் 26 எழுத்துதான், ஆனால் சத்தம் ஏறக்குறைய 44 என்கிறார்கள். எழுத்து ஒன்று, சத்தம் வேறு என்பதால் அவர்களுக்குப் பெரிய சிக்கல். இங்கிலாந்தில் 2006இல் ஜிம் ரோஸ் என்பவர் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு, சத்தங்களை ஒழுங்கு வரிசையில் சொல்லிக்கொடுத்துச் சேர்க்கப் பழக்குவதையே தொடக்க வாசிப்பின் முதல் வழியாக அரசாங்கப் பள்ளிக்கூடங்களில் வைத்தார்கள். 2012இலிருந்து முதலாம் வருடப் பிள்ளைகளிடம் 40 சொற்களைக் கொடுத்து வாசிக்கச் சொல்லிப் பார்க்கிறார்கள். அதில் பாதி பொருளே இல்லாத, இட்டுக்கட்டிய சொற்கள். ஏன் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. மகன் பக்கம் மாறி வாசித்தது ஞாபகம் வந்ததும் விளங்கிவிட்டது. இல்லாத சொல்லைப் பாடமாக்கி வைத்திருக்க முடியாது. எழுத்தைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். அன்றிரவே ‘டபம்’, ‘கமட்’ என்று எழுதிக் காட்டினேன். ஒன்றும் வரவில்லை.

இனித் தமிழுக்கு வருகிறேன்.

நம்முடைய எழுத்து இங்கிலீஷ் மாதிரி ஏமாற்றாது. இருந்தும் 247 எழுத்து என்ற கணக்கைச் சொல்லியே பிள்ளைகளையும் தாய்மாரையும் பயங்காட்டிவிட்டோம். உண்மையில் பிள்ளை படிக்க வேண்டியது உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று, அதோடு பதினொரு குறிகள். அந்தக் குறிகளிலும் ொ, ோ, ௌ மூன்றும் ஏற்கெனவே பார்த்த வடிவங்களைச் சேர்த்துப் போட்டவை. ஆனால் சுவரில் தொங்கும் அட்டையில் க, கா, கி, கீ என்று கௌ வரைக்கும் ஒரு வரிசை, அது முடிந்ததும் ங, ஙா, ஙி. ‘ஙௌ’ என்ற எழுத்தை என் வாழ்நாளில் ஒரு சொல்லிலும் நான் கண்டதில்லை. என் பிள்ளை அதைப் பாட்டாகப் பாடினான், ‘மரம்’ என்று வாசிக்கத் தெரியாமல்.

நான் தொடங்கியது எழுத்தில் இல்லை, காதில். மலையிலிருந்து இறங்கி வந்து, இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்த்துப் போட்டு, தேத்தண்ணி குடித்த பிறகு வீட்டு முன் இஸ்தோப்பில் உட்காருவோம். கால் மணித்தியாலம், அதற்கு மேல் இல்லை. “நான் உடைச்சுச் சொல்றேன், நீ சேர்த்துச் சொல்லு. ம... ர... ம்.” “மரம்!” “இப்ப நீ உடை. தகரம்.” இப்படி ஒரு கிழமை. இதற்குப் புத்தகம் வேண்டாம், எழுத்துத் தெரிந்திருக்கவும் வேண்டாம். தோட்டத்துத் தாய்மாருக்கு வாசிக்கத் தெரியாது, அவர்கள் எப்படிச் சொல்லிக்கொடுப்பார்கள் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். வாசிப்பின் முதல் படிக்கு வாயும் காதும் போதும்.

அடுத்தது எழுத்து. ப, ட, ம. பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டி மார்க்கரால் பெரிதாக எழுதினேன். இங்கே ஒரு தடங்கல் வந்தது. அவன் ‘பானா, டானா, இம்’ என்று பெயர் சொல்லிப் பழகியிருந்தான். அந்தப் பெயர்களைச் சேர்த்தால் எந்தச் சொல்லும் வராது. ப, ட, இம் என்றால் ‘படஇம்’ என்றுதான் வரும். ‘இம்’ என்று சொல்லாதே, வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்’ என்று மட்டும் சொல் என்று பழக்க நாலு நாள் எடுத்தது. புள்ளியை விளங்கப்படுத்த என்னுடைய ஒட்டுப் பொட்டை எடுத்தேன். ‘ம’ அட்டையின் தலையில் பொட்டு வைத்தால் ‘ம்’, எடுத்தால் ‘ம’. அவனே பொட்டை ஒட்டி ஒட்டி எடுத்தான். புள்ளி வைத்தால் சத்தம் அடங்கிவிடும் என்பதை விரலாலேயே கண்டுபிடித்துக்கொண்டான். படம், மடம், பட்டம், மட்டம். மூன்று எழுத்திலும் பொட்டிலும் நாலு சொல்.

பிறகு க, ர, த, ல சேர்ந்தன. கல், பல், மரம், கடல், பகல், பக்கம், கப்பல். ஒரு நாள் த, க, ர, ம் என்று அட்டைகளை வரிசையாக வைத்தேன். விரலை வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னான், சேர்த்தான், தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தான். அவன் பிறந்த நாளிலிருந்து மழை விழும் சத்தம் கேட்கிற தகரம் அது. அதற்குப் படம் ஒன்றும் நான் காட்டவில்லை. அவன் வாழ்க்கையில் வாசித்த முதல் சொல் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

‘க’வுக்குப் பல சத்தம் உண்டே, அதை என்ன செய்வது என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். கடலில் ஒன்று, பகலில் ஒன்று, தங்கத்தில் ஒன்று. நான் ஒரு விதியும் சொல்லவில்லை. முதல் தடவை ‘பகல்’ என்பதைக் ‘கடல்’ மாதிரி அழுத்தி வாசித்தான். அடுத்த நொடியே தானாகத் திருத்திச் சொன்னான். தெரிந்த சொல் என்றால் காதே திருத்திக்கொள்ளும். பஸ், காஸ் மாதிரி வெளியிலிருந்து வந்த சொற்களைத்தான் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

குறிகளுக்கு வந்தபோது அந்தச் சுவர் அட்டையை நான் குறுக்கே வாசிக்காமல் மேலிருந்து கீழே வாசித்தேன் என்று சொல்லலாம். ‘ா’ என்ற ஒரு துணைக்காலை மட்டும் எடுத்து, அவனுக்குத் தெரிந்த ஏழு எழுத்துக்கும் போட்டுப் பார்த்தோம். ஒரே மாலையில் ஏழு புதிய எழுத்து வந்துவிட்டது. கல், கால். பல், பால். படம், பாடம். நெடில் வரும்போது இரண்டு கையையும் விரித்து இழுத்துச் சொல்லுவான். அந்தக் கிழமைதான் மாமா, தாத்தா, பாப்பா எல்லாம் வாசித்தான்.

‘ி’, ‘ீ’ இரண்டும் சுலபமாகப் போய்விட்டன. ‘ு’ வந்ததும் எல்லாம் நின்றுவிட்டது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பிள்ளைகள் இங்கேதான் விழுந்துபோகிறார்கள் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்ததில் எனக்குத் தெரிகிறது. மற்றக் குறிகள் எழுத்துக்குப் பக்கத்திலோ தலையிலோ நிற்கும். ‘ு’ எழுத்தோடு ஒட்டி அதன் உருவத்தையே மாற்றிவிடும், அதுவும் ஒரே மாதிரி இல்லை. பு, சு, வு, யு ஆகியவற்றில் ஒரு கோடு கீழே இறங்கும். து, நு, று, லு, ணு, னு கீழே போய் மேலே மடங்கும். மு, ரு, டு, ழு, ளு சுழிந்து வரும். ‘கு’ யாரோடும் சேராமல் தனியாக நிற்கும். வரிசையில் க, ங, ச என்று வருவதால் பிள்ளைக்கு இந்த ஒற்றுமை கண்ணில் படாது. ஒன்றுபோல இருப்பவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் படும். நாங்கள் ஒரு கூட்டத்துக்கு ஒரு கிழமை என்று எடுத்தோம். ‘ூ’வுக்கு இன்னும் நாள் போனது.

அப்புறம் ‘ெ’. வாசிப்பு இடமிருந்து வலம் என்று பழக்கிவிட்டு, சத்தத்தில் பின்னால் வருகிற குறியை முன்னால் எழுதுகிறோம். பிள்ளை ‘கெ’யைப் பார்த்து ‘எ–க’ என்று வாசித்தால் அது பிழை இல்லை, அதுவரை படித்ததைச் சரியாகச் செய்கிறான். “இந்தக் கொம்பைக் கண்டா நில்லு, அடுத்த எழுத்தைப் பார்த்துட்டு வாயைத் திற” என்று சொல்லிக்கொடுத்தேன். இரண்டு பக்கமும் குறி வரும் ‘ொ’, ‘ோ’ ஆகக் கடைசி.

எங்கள் வாயில் ஒரு நாளைக்கு நூறு தடவை வரும் சொல் ‘கொழுந்து’. அதில் இரண்டு பக்கக் குறி இருக்கிறது, சுழிந்து வரும் ‘ழு’ இருக்கிறது, புள்ளி வைத்த ‘ந்’ இருக்கிறது, மடங்கும் ‘து’ இருக்கிறது. ஜனவரியில் தொடங்கி, ஆடி மழை அடித்து ஊற்றிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம் அவன் அதை வாசித்தான். ஏழு மாதம். என் நிறுவைச் சீட்டின் பின்பக்கத்தில் நான் எழுதி வைத்திருந்ததை, யாரும் கேட்காமல் எடுத்து வாசித்தான். எங்கள் பேச்சில் ‘கொளுந்து’ என்போம், அவனும் அப்படித்தான் சொன்னான். நான் திருத்தவில்லை. ழ, ள வித்தியாசம் எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம். வாசிக்க ஓடத் தொடங்கிய பிள்ளையை அந்த இடத்தில் மறிக்கக் கூடாது. ண, ந, ன குழப்பத்துக்குப் பழைய வாத்தியார்கள் சொன்ன வழியே போதும்: ட பக்கத்தில் ண், த பக்கத்தில் ந், ற பக்கத்தில் ன். வண்டு, பந்து, கன்று.

எழுத்துக் கூட்டத் தெரிந்தால் எல்லாம் முடிந்தது என்று நான் சொல்ல வரவில்லை. கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986இல் இதை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள். எழுத்தைச் சத்தமாக்கும் திறமையை மொழியை விளங்கிக்கொள்ளும் திறமையால் பெருக்கினால் வருவது வாசிப்பு. இரண்டில் எது பூச்சியம் என்றாலும் விடை பூச்சியம். எங்கள் பிள்ளைகளுக்கு அந்த இரண்டாவது பக்கத்திலும் ஒரு மேடு இருக்கிறது. வீட்டில் ‘வந்துச்சு’ என்கிறோம், புத்தகத்தில் ‘வந்தது’ என்று இருக்கிறது. வீட்டில் ‘வூடு’, அங்கே ‘வீடு’. அதனால் படுக்கப் போகும்போது நான் தினமும் ஏதாவது ஒன்றை வாசித்துக் காட்டுகிறேன். பெரும்பாலும் ஞாயிறு பத்திரிகையில் வரும் சிறுவர் பக்கம்தான், சாமான் சுற்றி வந்த பழைய தாளாக இருந்தாலும் பரவாயில்லை. அந்த நேரத்தில் அவன் எழுத்துக் கூட்ட வேண்டியதில்லை, கேட்டால் போதும்.

உங்களிடம் நான் கேட்பது பணம் இல்லை. இலவசப் பாடப்புத்தகம் வருடா வருடம் எங்கள் கைக்கு வருகிறது, அதற்கு நன்றியாக இருக்கிறோம். அதோடு ஒரு தாள் வேண்டும். எந்த எழுத்துக்குப் பிறகு எந்த எழுத்து, எந்தக் குறிக்குப் பிறகு எந்தக் குறி, ஒவ்வொரு கட்டத்திலும் பிள்ளையால் வாசிக்கக்கூடிய சொற்கள் எவை என்று முன்பக்கமும் பின்பக்கமும் அச்சடித்த ஒரே ஒரு தாள். முதலாம் தரத்து மிஸ்ஸும் தாயும் அதையே வைத்திருந்தால் ‘பிள்ளை குழம்பிரும்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. என்னுடைய வரிசைதான் சரி என்று நான் அடம்பிடிக்கவில்லை. நீங்கள் படித்தவர்கள், இதைவிட நல்ல வரிசை போடுவீர்கள். போட்டு எங்கள் கையிலும் கொடுங்கள்.

அந்தத் தாளுக்குப் பொருந்துகிற மாதிரி, படித்த எழுத்தில் மட்டும் எழுதிய எட்டுப் பக்கப் புத்தகங்கள் பத்தோ பன்னிரண்டோ வந்தால் இன்னும் நல்லது. பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியல் கல்லூரியில் ஆசிரியராகப் பயிலும் பிள்ளைகளில் எத்தனையோ பேர் எங்கள் லயங்களிலிருந்து, இந்தத் தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து, போனவர்கள். இப்படி ஒரு கதையை எழுதுவதைப் பயிற்சியாகக் கொடுத்தால் அவர்கள் எழுதிவிடுவார்கள். தகரம், படங்கு, காலையில் பேர் கூப்பிடும் பிரட்டு எல்லாம் அதில் வரட்டும்.

முதலாம் தரம் முடியும்போது ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு ஐந்து நிமிடம் வாசிக்க விட்டுப் பாருங்கள். அதில் இட்டுக்கட்டிய சொற்களும் இருக்கட்டும். பரீட்சைப் புள்ளி போடுவதற்காக இல்லை, யார் பாடமாக்கி ஒளிந்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதற்காக. என் மகனை அப்படிப் பார்த்திருந்தால் ஒரு வருடம் மிஞ்சியிருக்கும். புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஐந்தாம் தரத்தில் படும் பாட்டில் கால்வாசி இங்கே பட்டால் போதும். உண்மையாகவே வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளைகளும் அப்போதே தெரிந்துவிடுவார்கள்.

தாய்மாரைக் கூப்பிட்டுக் காட்டும்போது நாளைப் பார்த்து வையுங்கள். எங்களுக்கு வார நாளில் காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, ‘தோட்டத்துப் பெற்றோருக்கு அக்கறை இல்லை’ என்று சொன்னதைக் கேட்டிருக்கிறேன். பத்து மணிக்கு வந்தால் அன்றைய பேர், அதாவது அன்றைய நாள் சம்பளம், போய்விடும். ஞாயிறு, போயா விடுமுறை என்றால் வருவோம். வேலைக்குப் போகும்போது சின்னப் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தில் இருக்கும் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர்களுக்கும் இதைக் காட்டுங்கள். ஐந்து வயதுக்கு முன்னால் அந்தக் காது விளையாட்டை அங்கேயே விளையாடலாம்.

எங்கள் லயத்தில் இப்போது ஆறு தாய்மார் ஞாயிறு மூன்று மணிக்கு ஒன்று கூடுகிறோம். ஒருவருக்கு எழுத்தே தெரியாது. கொழுந்து நிறுக்கும் மடுவத்திலிருந்து வரும் வழியெல்லாம் மகளோடு உடைத்துச் சேர்க்கும் விளையாட்டை விளையாடுகிறார். மகள் ‘ா’ வரைக்கும் வந்துவிட்டாள், தாயும் அவளோடு சேர்ந்து ‘ா’வில் நிற்கிறார். என் மகன் மற்றப் பிள்ளைகளுக்கு அட்டை வெட்டிக் கொடுக்கிறான். நான் வைத்த வரிசை முழுவதையும், எந்தச் சொல்லில் அவன் திக்கினான், எதை விட்டுத் திரும்பி வந்தோம் என்பதையும் ஒரு நாற்பது பக்கக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு ஞாயிறு நேரில் வந்து பாருங்கள். கொப்பியை உங்கள் கையிலேயே தருகிறேன், பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தால் போதும். அடுத்த வருடம் என் சின்னவள் முதலாம் தரத்துக்குப் போகிறாள், அவளுக்கு அது வேண்டும்.

இப்படிக்கு,
பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து
கொழுந்து பறிக்கும் ஒரு தாய்